பெயர் நம்முடையது, கார்டு யாருடையது?

குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஒரு தாயாரைச் சந்தித்தேன். ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது உதிரிப்பழம் பொறுக்குகிறார். வாசலில் உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்து நீட்டினார். "இதுல என்னா போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்கையா. இத பாத்ததுல இருந்து மவன் சரியா சோறு திங்க மாட்டேங்கிறான்."

சிங்கப்பூர் வங்கி ஒன்றிலிருந்து வந்த கடிதம் அது. உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, விசாரணைக்காகப் போலீசைத் தொடர்பு கொள்ளவும் என்று எழுதியிருந்தது. அந்தத் தம்பிக்கு வயது இருபத்திரண்டு. 14 மாதம் பாலம் தாண்டி உழைத்துவிட்டு ஒரு பை துணியோடு திரும்பியவன். அவன் கணக்கில் விசாரணை செய்ய அப்படி என்ன இருக்கிறது?

விஷயம் இதுதான். வேலைக்கு அழைத்துப் போன காண்ட்ராக்டர் நம்ம ஆள்தான். தமிழ் பேசுகிறவர், தோட்டத்துத் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவர். போன மூன்றாம் நாள் தம்பியை வங்கிக்குக் கூட்டிப் போய் அவன் பெயரிலேயே கணக்குத் திறந்து கொடுத்தார். இதுவரை சரி. வங்கியை விட்டு வெளியே வந்ததும், "கார்டை எங்கிட்ட குடு தம்பி, விடுதியில களவு போயிடும். நம்பரையும் சொல்லு. உனக்கு வேணுங்கிறத நான் எடுத்துத் தர்றேன்" என்றார். தம்பி கொடுத்துவிட்டான். வாரத்துக்கு ஐம்பது வெள்ளி கைச்செலவு வந்தது. "மிச்சமெல்லாம் பேங்குல பத்திரமா இருக்கு" என்ற பேச்சும் வந்தது. காண்ட்ராக்டர் ஒரு நாள் காணாமல் போனார். கணக்கில் 11 வெள்ளி இருந்தது. கம்பெனியைக் கேட்டால், "மாதா மாதம் உன் கணக்கில் சம்பளம் போட்டுவிட்டோமே" என்கிறது. அது உண்மைதான். போட்டது அவன் கணக்கில். எடுத்தது அவன் கார்டில். இவன் ஊர் திரும்பிய பிறகு, யாரையோ ஏமாற்றிய பணம் அதே கணக்கில் வந்து விழுந்து, அதே கார்டில் வெளியே போயிருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இதைப் படிக்கிறவர்கள், "பையன் ஏமாளி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம். நம் பாட்டன்மார் கங்காணியோடு கப்பலேறி வந்தபோது, தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிக்கொண்ட அதே கங்காணியே காசுக்கும் காவலாக இருந்தார். சம்பளத்தைக் கடைப்பற்று தின்றது. மிச்சத்தைக் கள்ளுக்கடை தின்றது. "பெரியவர் கையில் இருந்தால் பத்திரம்" என்ற பழக்கம் நம் இரத்தத்தில் ஊறியது. தோட்டம் துண்டாடப்பட்டது, லயம் இடிந்தது, கங்காணி என்ற பெயரும் போய்விட்டது. அந்தப் பழக்கம் மட்டும் பெட்டிக்குள் மடித்து வைத்த வேட்டி போல நம்மோடு பாலம் தாண்டி வருகிறது.

நம் நாட்டு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 25ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சம்பளத்தைத் தொழிலாளியின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்கிறது. தொழிலாளியே எழுதிக் கேட்டால்தான் ரொக்கம். அக்கரையிலும் பெரிய வித்தியாசமில்லை. தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வங்கி வழியாகத்தான் சம்பளம் போட வேண்டும் என்று 2020 ஜூலை முதல் சிங்கப்பூர் அரசு கட்டாயமாக்கியது. ஆகவே கணக்கு இல்லாமல் இப்போது யாரும் வேலைக்குப் போவதில்லை. கணக்குத் திறப்பதில் இன்று பெரிய கஷ்டமில்லை. திறந்த கணக்கை யார் ஆளுகிறார் என்பதில்தான் கஷ்டம் இருக்கிறது. சட்டம் பெயரைக் கேட்கும். கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று அது வந்து தடவிப் பார்க்காது.

"வாரா வாரம் ஜோகூருக்கு வந்து போறோம், கணக்கு கிணக்கெல்லாம் எதுக்கு? சம்பளத்த அப்படியே எடுத்து பாலத்துக்கு இந்தப் பக்கம் மாத்திக்கிட்டா போச்சு" என்று சொல்லும் தம்பிமாரும் உண்டு. மாற்றிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்தபோது ஊழியர் சேமநிதிக்கு நீங்கள் ஒரு பங்கு கட்டினீர்கள், நிர்வாகம் ஒரு பங்கு கட்டியது. 1951-இலிருந்து நம் கிழவர்களுக்குக் கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றியது அந்த நிதிதான். பெர்மிட்டில் சிங்கப்பூர் போனால் இங்கே முதலாளி பங்கு நின்றுவிடும். அங்கேயுள்ள மத்திய சேமநிதியோ குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். பத்து வருடம் ஓவர்டைம் பார்த்தாலும் உங்கள் பெயரில் எந்த நிதியும் வளர்ந்திருக்காது. நீங்களாக முன்வந்து நம் சேமநிதிக்குக் கட்டலாம், கட்டுகிறவர்கள் குறைவு. அப்படியானால் அங்கே திறக்கிற அந்தச் சேமிப்புக் கணக்குதான் உங்களுக்குச் சேமநிதி. அதை இன்னொருவர் கையில் கொடுப்பீர்களா?

இன்னொரு குழப்பம் நம் வாய்ச்சொல்லால் வருவது. ரிங்கிட்டையும் வெள்ளி என்போம், சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்போம். 1973 மே மாதம் வரை இரண்டும் ஒன்றுக்கொன்று சமமாகவே மாறியதால் அன்று அப்படிச் சொன்னதில் தப்பில்லை. இன்றைக்கு ஒரு சிங்கை வெள்ளிக்கு எத்தனை ரிங்கிட் என்பது தோட்டத்துச் சிறுவனுக்கும் தெரியும். ஆனாலும் வீட்டில், "ஆயிரம் வெள்ளி அனுப்பினேன்" என்று மகன் சொல்வான். "ஆயிரம்னு சொன்னான், மூவாயிரத்துச் சொச்சம் வந்திருக்கு, பேங்குல ஏதோ தப்பு" என்று தகப்பன் பயப்படுவார். சிரிப்பதற்குச் சொல்லவில்லை. கணக்குப் பேசும்போது எந்த வெள்ளி என்று சொல்லிப் பழகுங்கள்.

சரி, எந்த வங்கி? எல்லாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். வட்டி எவ்வளவு என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. நம்மைப் போன்றவர்கள் போட்டு எடுக்கும் தொகைக்கு அந்த வட்டி ஒரு தேத்தண்ணிக்குக் காணாது. கேட்க வேண்டியவை வேறு. கணக்கில் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலில் கேளுங்கள். சம்பளம் வந்த மறுநாளே முழுக்க வீட்டுக்கு அனுப்பிவிடுகிறவனிடம் மாதா மாதம் அந்தப் பிடித்தம் சத்தமில்லாமல் நடக்கும். வேலை அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்கென்றே இந்தப் பிடித்தம் இல்லாத சம்பளக் கணக்கு உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவனுக்குச் சாதாரணக் கணக்கைத்தான் திறந்து கொடுப்பார்கள்.

அடுத்தது, பணம் எடுக்கும் இயந்திரம். நீங்கள் தங்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறதா, வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுத்தால் காசு பிடிப்பார்களா என்று பாருங்கள். நம் பெரியவர்கள் இன்றும் "போஸ்ட் ஆபீசு பேங்கு" என்று சொல்லும் பி.ஓ.எஸ்.பி. 1877-இல் தபால் நிலையத்தோடு தொடங்கியது, 1998-இல் டி.பி.எஸ். வங்கி அதை வாங்கிவிட்டது. பெயர் அப்படியே இருக்கிறது. இயந்திரங்களும் ஊரெல்லாம் இருக்கின்றன. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. இயந்திரத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் வெட்கப்படாமல் தேர்ந்தெடுங்கள். புரியாத ஆங்கிலத்தில் பொத்தானை அமுக்கிவிட்டுப் பின்னால் நிற்பவனிடம் உதவி கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

"நம்ம ஊர் பேங்கே அங்கயும் இருக்கே, அதுலயே போட்டா இங்க எடுத்துக்கலாம்ல?" என்று கேட்கிறார்கள். மேபேங்கும் சி.ஐ.எம்.பி.யும் அங்கே இருப்பது உண்மை. ஆனால் கணக்கு வேறு, நாணயம் வேறு, சட்டம் வேறு. உட்லண்ட்சில் போட்டது குளுவாயில் தானாகத் தெரியாது. அனுப்பினால்தான் வரும், அன்றைய நாணய விலையில்தான் வரும். அனுப்புவதற்கு அந்த வங்கிகளில் சுலபமான வழி இருக்கலாம். அந்த வசதிக்காகத் தேர்ந்தெடுப்பது நியாயம். வங்கி முழுகினால் என்ன ஆகும் என்று பயப்படுவோருக்கு ஒரு செய்தி. நம் நாட்டில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை காப்புறுதி இருக்கிறது. சிங்கப்பூரில் அந்த வரம்பு 2024 ஏப்ரலில் 75,000-லிருந்து 100,000 வெள்ளியாக உயர்ந்தது. நம் தொழிலாளிக்கு இது தாராளம். வங்கி முழுகி நம்மவர் யாரும் ஏமாந்ததை நான் பார்த்ததில்லை. மனிதனை நம்பி முழுகினவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேவையான தாள்கள் அதிகமில்லை. கடப்பிதழ், வேலை அனுமதி அட்டை, தங்கும் இடத்து முகவரி. சில இடங்களில் முதலாளியின் கடிதம். கணக்கோடு சேர்க்கிற கைப்பேசி எண் உங்களுடையதாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். காண்ட்ராக்டர் தன் எண்ணை எழுதிக் கொடுத்தால், வங்கி அனுப்பும் ரகசியச் செய்தியெல்லாம் அவர் கைப்பேசிக்குத்தான் போகும். கார்டு உங்கள் கையில் இருந்தும் பிரயோசனமில்லை. முகவரியும் அப்படித்தான், அவருடைய வீட்டு முகவரியைக் கொடுக்காதீர்கள்.

கவுண்டர் முன்னால் நிற்கும் பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிராணியின் மேசைக்கு முன்னால் கைகட்டி நின்று பழகிய குடும்பங்கள் நம்முடையவை. குளிர்பதன அறை, டை கட்டியவர், வரிசை எண். நம் பிள்ளை கூச்சப்படுகிறான். அந்தக் கூச்சத்தைத்தான் காண்ட்ராக்டர் பயன்படுத்திக்கொள்கிறார். "நான் பேசிக்கிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு" என்கிறார். ஐயா, அம்மா, பிள்ளையை அனுப்புகிறவர்களே! ஆறாம் வகுப்பு படித்தவனாக இருந்தாலும் அவனே பேசட்டும். மலாய் தெரிந்தால் மலாயில் பேசலாம், தமிழ் தெரிந்தவர் யாரேனும் இருக்கிறாரா என்றும் கேட்கலாம். நேரமானால் ஆகட்டும். முன்பின் வங்கி வாசலை மிதிக்காதவன் முதலில் இங்கேயே பட்டணத்துக்குப் போய், 1974-இல் தபால் சேமிப்பை எடுத்து நடத்த வந்த நம் தேசிய சேமிப்பு வங்கியில் ஒரு கணக்குத் திறந்து பழகிவிட்டுப் புறப்படட்டும். ஒரு தடவை செய்தால் இரண்டாம் தடவை கை நடுங்காது.

இனி கடிதத்தின் விஷயத்துக்கு வருகிறேன். கார்டையும் எண்ணையும் இன்னொருவருக்குக் கொடுப்பது வெறும் ஏமாளித்தனமாக இருந்த காலம் போய்விட்டது. நம் நாட்டில் இதைக் "கழுதைக் கணக்கு" என்கிறார்கள். அடுத்தவன் மூட்டையைச் சுமக்கிற கணக்கு. 2024-இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, கணக்கையோ கார்டையோ பிறர் கையில் கொடுப்பதற்கென்றே தனிக் குற்றப் பிரிவுகளைச் சேர்த்தார்கள். சிங்கப்பூரும் 2023-இல் சட்டத்தைத் திருத்தியது. "எனக்குத் தெரியாது, அண்ணன்தான் வாங்கிக்கிட்டாரு" என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி இருக்க முடியாது. தோட்டங்களுக்கே வந்து, "கார்டை ஒரு மாசம் குடு, முன்னூறு வெள்ளி தர்றேன்" என்று கேட்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வேலையில்லாமல் பந்துத் திடலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் அவர்களுக்கு வேண்டியவர்கள். அந்த முன்னூறு வெள்ளி கஷ்டத்துக்கு உதவும் என்பது எனக்கும் தெரியும். பிறகு அவன் பெயரில் எந்த வங்கியும் கணக்குத் திறக்கத் தயங்கும் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. கார்டு கைமாறிவிட்டது என்று தெரிந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லுங்கள். நம் நாட்டில் மோசடிக்கென்று 997 என்ற எண் இருக்கிறது, சிங்கப்பூரில் 1799.

வீட்டுக்குப் பணம் அனுப்ப இன்று பல வழி. நம் நாட்டு டூயிட்நவ், அவர்கள் நாட்டு பேநவ் இரண்டையும் 2023 நவம்பரில் இணைத்தார்கள். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 1,000 சிங்கை வெள்ளி வரை கைப்பேசி எண்ணுக்கே அனுப்பலாம் என்று வைத்தார்கள். எல்லா வங்கியும் அதில் சேரவில்லை. கணக்குத் திறக்குமுன் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கூட வேலை செய்கிறவர்கள் சேர்ந்து கூட்டுப் பிடிக்கிற பழக்கம் அங்கேயும் இருக்கிறது. நம் நாட்டில் 1971-லேயே அதைத் தொழிலாக நடத்தக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே "கூட்டு" என்ற நம் தமிழ்ச் சொல் ஏறியிருக்கிறது! எத்தனை பேர் ஏமாந்திருந்தால் நம் சொல் சட்டப் புத்தகம் வரை போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அக்கரைக் கணக்கைத் திறந்துவிட்டு இக்கரைக் கணக்கை மறந்துவிடுகிறவர்களும் உண்டு. 7 வருடம் போடாமல் எடுக்காமல் கிடந்தால் அந்தப் பணம் கோரப்படாத பணம் என்று அரசாங்கத்திடம் போய்விடும். கேட்டு வாங்கலாம், ஆனால் நடையாய் நடக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு வரும்போது பத்து ரிங்கிட் போட்டு வைத்தால் முடிந்தது.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்பட்டுப் பாலம் கடக்கிறவர்கள் நம் பிள்ளைகள். ஒருவருக்கு ஒன்று ஆகிவிட்டால், அங்கேயுள்ள பணம் மனைவி போய்க் கேட்டவுடன் கிடைக்காது. தாள் வேண்டும், அத்தாட்சி வேண்டும், மாதங்கள் ஆகும். எந்த வங்கி என்பதே தெரியாவிட்டால் எங்கே போய்க் கேட்பாள்? ரகசிய எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம், மனைவிக்கும் வேண்டாம். வங்கியின் பெயரையும் கணக்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் பையில் வைத்துவிட்டுப் போங்கள்.

நம் தோட்டத்திலேயே இப்போது வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் பழம் வெட்டுகிறார்கள். அவர்கள் கடப்பிதழையும் கார்டையும் மண்டோர் வைத்திருந்தால் நாம், "அவன் ஊர்க்காரன் பிரச்சினை" என்று திரும்பிக்கொள்கிறோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் நம் மகன் நிற்கும் இடத்தில்தான் இந்தப் பக்கம் அவன் நிற்கிறான்.

அந்தத் தாயாரிடம் கடிதத்தைத் தமிழில் சொல்லி முடித்தேன். தம்பி அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தானாகப் போய் நடந்ததைச் சொல்வதுதான் நல்லது, ஒளிந்திருந்தால் குற்றவாளி மாதிரி ஆகிவிடும், காண்ட்ராக்டரின் எண், அனுப்பிய செய்திகள், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ, வக்கீல் ஒருவரிடம் முதலில் பேசிவிட்டுப் போ என்றேன். சம்பளச் சீட்டு அவனிடம் ஒன்பது இருந்தது. மீதி ஐந்தைக் காண்ட்ராக்டர் கொடுக்கவேயில்லையாம். சம்பளச் சீட்டு கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று அங்கே 2016 ஏப்ரலிலிருந்து சட்டம் இருக்கிறது, கம்பெனியிடம் போய்க் கேள் என்று சொன்னேன்.

"திங்கக்கிழமை போறேங்கையா" என்றான். அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் பாஸ்போட்டு எடுக்கணுமா? நானும் கூடப் போவலாமா?" என்று கேட்டார்.